அமேசான் மின்மீனுக்குப் பெயர் வைப்பது எப்படி: வலையிலிருந்து அச்சு வரை

அமேசான் படுகையில் நீங்கள் பிடித்த ஒரு சிறிய கத்திமீன், தெரிந்த எந்த இனத்தோடும் பொருந்தவில்லை என்று வைத்துக்கொள்வோம். அதை முறைப்படி விவரித்து, பெயர் சூட்டி, அந்தப் பெயர் செல்லுபடியாகும் வகையில் வெளியிடுவது வரை என்னென்ன செய்ய வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை. பிரேசிலில் ஆய்வு மாணவராகவோ, பிரேசில் ஆய்வகத்தோடு சேர்ந்து வேலை செய்பவராகவோ முதன்முறை இறங்குபவருக்காக எழுதியது. எடுத்துக்காட்டுக்குப் பெரும்பாலும் பிரக்கிஹைப்போபோமஸ் பேரினத்தை எடுத்துக்கொண்டிருக்கிறோம். கையளவு நீளம், மெல்லிய வால், மிதக்கும் புல்திட்டுகளிலும் காட்டோடைகளிலும் வாழ்வது.

நம் ஊர்க் குளத்துச் சொட்டைவாளையைப் பார்த்தவருக்கு இந்த மீன்களின் வடிவம் பழகியதாகவே இருக்கும். அடிவயிறு நெடுக ஓடும் ஒரே துடுப்பு, வெட்டுக்கத்தி போன்ற உடல். உறவு எதுவும் இல்லை. சொட்டைவாளை மின்சாரம் எழுப்புவதுமில்லை. தென் அமெரிக்கக் கத்திமீன்களோ விடாமல் மின்சாரம் எழுப்பிக்கொண்டே இருக்கின்றன. இந்தத் துறையில் வேலை கெடுவதும் பெரும்பாலும் அங்கேதான். மீனின் உடல் ஒரு குப்பியில், மின்பதிவு ஒரு கணினியில், திசு ஒரு உறைபெட்டியில் என்று மூன்றும் பிரிந்துபோய், எது எந்த மீனுடையது என்று சொல்ல ஆளில்லாமல் நின்றுவிடும். கீழே வரும் படிகளில் பாதி, அந்தப் பிரிவைத் தடுப்பதற்காகவே.

1. புதிய இனம்தானா என்று வீட்டிலிருந்தபடியே பாருங்கள்

கலிஃபோர்னியா அறிவியல் அகாதெமி நடத்தும் எஷ்மேயர் மீன் பெயர்ப் பட்டியலைத் திறந்து, உங்கள் பேரினத்தில் இதுவரை வெளிவந்த எல்லாப் பெயர்களையும் எடுங்கள். செல்லுபடியாகும் பெயர்கள் மட்டும் போதாது, ஒதுக்கப்பட்ட இணைப்பெயர்களும் வேண்டும். நீங்கள் புதிது என்று நினைப்பது, நூறு ஆண்டுக்கு முன் யாரோ பெயரிட்டு, பின்னால் இன்னொருவர் தவறாக வேறு இனத்தோடு சேர்த்துவிட்ட மீனாக இருக்கலாம். அப்படியானால் புதுப்பெயர் தேவையில்லை, பழைய பெயருக்கு உயிர் கொடுக்க வேண்டும்.

அடுத்து அந்தப் பேரினத்தின் கடைசித் திருத்த ஆய்வைப் படியுங்கள். பிரக்கிஹைப்போபோமஸுக்கு அது 2016இல் வந்தது. ஒரே ஆய்வில் 15 புதிய இனங்கள் சேர்ந்து மொத்தம் 28 ஆயின. அதற்கு முந்தைய, இனத்தைப் படிப்படியாகக் கண்டறிய உதவும் அடையாளச் சாவியை வைத்துப் பார்த்தால் எந்த மீனும் புதிதாகத்தான் தெரியும்.

இரண்டு பொறிகள் இங்கே உண்டு. முதலாவது, ஆணும் பெண்ணும் வேறு வேறாகத் தோன்றுவது. அப்டெரோநோட்டிடே குடும்பத்தில் இது மிக மோசம். ஈடிமோக்நாதஸ் எக்ஸோடான் என்று தனிப் பேரினமாகவே வைத்திருந்த மீன், ஸ்டெர்னார்க்கோகீட்டன் நாட்டரரி இனத்தின் பல் துருத்திய ஆண் என்று 2009இல் தெரியவந்தது. அப்டெரோநோட்டஸ் அனாஸ் என்ற நீண்ட மூஞ்சி மீனும் அப்படித்தான். அது அப்டெரோநோட்டஸ் ஹஸேமானியின் முதிர்ந்த ஆண். உங்களிடம் இருப்பதெல்லாம் ஒரே பாலாக இருந்தால், புதிய இனம் என்ற சொல்லை இன்னும் எழுதாதீர்கள்.

இரண்டாவது, ஆய்வுக்கூடங்களில் புழங்கும் பெயரை நம்புவது. தென்பகுதியில் பல ஆண்டுகள் பிரக்கிஹைப்போபோமஸ் பின்னிகௌடேட்டஸ் என்ற பெயரில் நரம்பியல் ஆய்வு நடந்த மீன், உண்மையில் தனி இனம் என்று 2009இல் காட்டப்பட்டு, காவுடேரியோ என்ற பெயர் பெற்றது. எத்தனை கட்டுரைகளில் வந்த பெயராக இருந்தாலும் மூல மாதிரியோடு, அதாவது அந்தப் பெயர் முதலில் சூட்டப்பட்ட மீனோடு, ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அது உறுதி.

2. அனுமதிகள்: களத்துக்கு ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்

பிரேசிலில் ஒரு மீனைத் தண்ணீரிலிருந்து எடுத்து ஆய்வுக்கு வைத்துக்கொள்ள சிஸ்பியோ அனுமதி வேண்டும். சிக்கோ மெண்டஸ் பல்லுயிர்ப் பாதுகாப்பு நிறுவனம் இணையவழி நடத்தும் அமைப்பு அது. கட்டணம் இல்லை. விண்ணப்பத்தில் இடங்கள், இனக்குழு, எண்ணிக்கை, பிடிக்கும் முறை, மாதிரிகள் சேரப்போகும் அருங்காட்சியகம் எல்லாம் கேட்கும். இயற்கைக் காப்பகத்துக்குள் போவதாக இருந்தால் அதைத் தனியே குறிப்பிட வேண்டும். அந்தக் காப்பக அலுவலகமும் சம்மதிக்க வேண்டும். பழங்குடி நிலமென்றால் ஃபுனாய் அமைப்பின் அனுமதி தனி. அதற்கு ஆகும் காலத்தை முன்கூட்டிக் கணிக்க முடியாது. அதனால் முதல் பயணத்துக்கு அப்படிப்பட்ட இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

நீங்கள் வெளிநாட்டிலிருந்து வரும் ஆய்வாளர் என்றால் தனியாக விண்ணப்பிக்க வழியில்லை. பிரேசில் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கூட்டாளர் ஒருவர், சிஎன்பிகியூ எனப்படும் தேசிய ஆய்வு மன்றத்தின் வழியாக உங்கள் பெயரை அறிவியல் பயணமாகப் பதிவு செய்ய வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து வலை போடுவது குற்றம். அப்படி எடுத்த மாதிரியை நல்ல அருங்காட்சியகம் ஏற்காது, நல்ல இதழும் அச்சிடாது.

மூன்றாவது சிஸ்ஜென் பதிவு. 2015ஆம் ஆண்டின் 13.123ஆம் எண் சட்டம், பிரேசில் உயிரினங்களின் மரபுவளத்தை ஆராய்பவர் அதைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது. வகைப்பாட்டு ஆய்வுக்கும் இது பொருந்தும். இதற்கும் கட்டணம் இல்லை; பதிவுச் சான்றும் இணையத்திலேயே கிடைக்கும். ஆனால் வரிசை முக்கியம்: மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு முன், முடிவுகளை வெளியிடுவதற்கு முன் பதிவு முடிந்திருக்க வேண்டும். மாநாட்டுச் சுவரொட்டியில் பாதி முடிவைக் காட்டினாலும் அது வெளியீடுதான். கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு பதிவு செய்துகொள்ளலாம் என்று விட்டுவைத்து அபராதத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

நான்காவது, உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிக்குழு ஒப்புதல். மயக்க மருந்து எது, அளவு எவ்வளவு, மின்பதிவின்போது மீனை எப்படி வைத்திருப்பீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்த ஒப்புதல் எண்ணைக் கட்டுரையில் போடச் சொல்வார்கள்.

நான்கு தாள்களையும் அச்செடுத்து நெகிழி உறையில் போட்டுப் படகில் வைத்திருங்கள். ஆற்றில் சோதனைக்கு வருபவரிடம் கைபேசியில் காட்டலாம் என்று நினைத்தால், அங்கே சிக்னல் இருக்காது.

3. எப்போது போவது, எப்படிப் பிடிப்பது

மத்திய அமேசானின் மனௌஸ் நகருக்கு அருகே ஆற்று மட்டம் ஓராண்டில் சுமார் 10 மீட்டர் ஏறி இறங்கும். ஜூன் வாக்கில் உச்சம். அப்போது மீன்கள் வெள்ளக்காட்டுக்குள் சிதறிவிடும், வலைக்குச் சிக்காது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை நீர் குறைந்து ஓடைகளிலும் ஏரி ஓரங்களிலும் மீன்கள் நெருங்கியிருக்கும்; எண்ணிக்கை தேடுபவருக்கு அதுதான் காலம். ஆனால் வெள்ளச் சமவெளி இனங்கள் பல, நீர் ஏறத் தொடங்கும்போது இனப்பெருக்கம் செய்பவை. முதிர்ந்த ஆண்கள் வேண்டுமென்றால் இரண்டாவது பயணம் ஒன்றைத் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

மீன் இருக்கும் இடத்தைக் கண்ணால் தேடாதீர்கள், காதால் தேடுங்கள். ஒரு நீண்ட கழியின் நுனியில் இரண்டு கம்பிகளை முனை மட்டும் உரித்து இடைவெளி விட்டுக் கட்டி, மின்கலத்தில் ஓடும் சிறிய ஒலிபெருக்கியோடு இணைத்தால் கண்டறியும் கருவி தயார். பிரக்கிஹைப்போபோமஸ், ஜிம்னோட்டஸ் போன்ற துடிப்பு வகை மீன்கள் ‘டக் டக்’ என்று கேட்கும். ஐகன்மானியா, அப்டெரோநோட்டஸ் போன்ற அலை வகை மீன்கள் ஒரே சுருதியில் ரீங்கரிக்கும். சத்தம் மிகுந்த இடத்தில் கைவலையை அடியில் விட்டு, புல்திட்டின் வேரோடு சேர்த்துத் தூக்குங்கள். வேரை உதறி உதறித்தான் மீனை எடுக்க வேண்டும்.

மின்விலாங்கும் அதே புல்லடியில் இருக்கும். 2019இல் அது மூன்று இனமாகப் பிரிக்கப்பட்டபோது எலெக்ட்ரோஃபோரஸ் வோல்டாய் இனத்தில் 860 வோல்ட் அளந்தார்கள். முழங்கை வரை ரப்பர் உறை, இடுப்பு வரை ரப்பர் காலணி இல்லாமல் இறங்க வேண்டாம். தனியாக ஒருபோதும் வேண்டாம்.

எத்தனை மாதிரி? சட்டம் எண் சொல்வதில்லை. ஆணும் பெண்ணும் குஞ்சும் கலந்து 15 முதல் 30 வரை, முடிந்தால் இரண்டு மூன்று இடங்களிலிருந்து இருந்தால் வேறுபாட்டின் வீச்சைக் காட்டலாம். ஒரே ஒரு மீனை வைத்து விவரிப்பதும் விதிப்படி செல்லும். ஆனால் வால் மெலிந்த இந்தக் குழுவில் அதைத் தவிர்க்கவே சொல்வோம். காரணம் 7ஆம் படியில்.

4. எண் போடுங்கள், உடனே

மீன் வாளிக்கு வந்ததும் ஒரு மீனுக்கு ஒரு பை, ஒரு பைக்கு ஒரு எண். அதே எண் மின்பதிவுக் கோப்பின் பெயரிலும், திசுக்குப்பியிலும், நிழற்படத்தில் மீனுக்குப் பக்கத்திலும், ஃபார்மலினில் போகும் உடலில் கட்டிய சீட்டிலும் இருக்க வேண்டும். சீட்டு பருத்தித் தாளாக இருக்கட்டும். பென்சிலில் எழுதுங்கள், பந்துமுனைப் பேனா மை எத்தனாலில் கரைந்து ஓடிவிடும். ‘குப்பியில் ஐந்து மீன், கோப்பில் ஐந்து பதிவு’ என்பது ஆவணமே அல்ல. அந்த ஐந்தில் இரண்டு இனம் கலந்திருப்பது ஆறு மாதம் கழித்துத் தெரியவந்தால், எந்தப் பதிவையும் எந்த உடலோடும் சேர்க்க முடியாது.

இது வீண் அச்சமில்லை. 2013இல் விவரிக்கப்பட்ட பிரக்கிஹைப்போபோமஸ் வால்ட்டரி, பிரக்கிஹைப்போபோமஸ் பென்னட்டி இரண்டும் மத்திய அமேசானின் மிதக்கும் புல்திட்டுகளில் வாழ்பவை, பார்ப்பதற்கும் மிக நெருங்கியவை. ஆனால் வால்ட்டரியின் துடிப்பில் நேர், எதிர் என இரு கட்டங்கள்; பென்னட்டியின் துடிப்பில் ஒரே கட்டம். எண் இல்லாமல் ஒரே குப்பியில் போட்டிருந்தால் அந்த வேறுபாடு காற்றோடு போயிருக்கும்.

ஒவ்வோர் இடத்துக்கும் தேதி, மணி, டபிள்யூஜிஎஸ்84 முறையில் ஆயத்தொலைவு, நீரின் வெப்பநிலை, மின்கடத்துதிறன், ஆழம் ஆகியவற்றை அங்கேயே எழுதுங்கள். இரவில் கூடாரத்தில் நினைவிலிருந்து எழுதியது எதையும் நம்ப வேண்டாம்.

5. மின்வெளியீட்டைப் பதிவு செய்தல்

இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்குங்கள். பிடித்த 12 மணி நேரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. அடைத்து வைத்த மீன் சோர்ந்துபோகும், அதன் துடிப்பும் மாறும்.

தொட்டி: நெகிழியோ தெர்மோகோலோ கண்ணாடியோ, மின்சாரம் கடத்தாத எதுவும் சரி. உலோகத் தொட்டி கூடாது. நீளம் மீனைப்போல் குறைந்தது நான்கு மடங்கு. தண்ணீர் மீன் பிடித்த இடத்துத் தண்ணீராகவே இருக்கட்டும். காட்டோடைக் கருநீரின் கடத்துதிறன் பல இடங்களில் சென்டிமீட்டருக்கு 5 முதல் 20 மைக்ரோசீமென்ஸ்தான். விடுதிக் குழாய்த் தண்ணீரில் பதிவு செய்தால் வீச்சு விழும், அலைவடிவமும் மாறக்கூடும். அந்தப் பதிவை இயற்கையில் உள்ளதென்று காட்ட முடியாது.

மின்முனைகள்: தொட்டியின் இரு முனைகளிலும் நிக்கல்-குரோமியக் கம்பி, நடுவில் பக்கவாட்டில் ஒரு தரைமுனை. மீனை மெல்லிய வலைக்குழாயில் விட்டுத் தொட்டியின் நடுவில், நீளவாக்கில் நிறுத்துங்கள். தலை நேர்முனைப் பக்கம். தலை நேர்மின்னாகும்போது கோடு மேலே எழ வேண்டும் என்பது எல்லோரும் பின்பற்றும் மரபு. கம்பி மாறிக் கொடுத்தால் படம் தலைகீழாகும். அப்படித் தலைகீழான படம் அச்சாகிவிட்டால் ஒப்பிடுபவர் எல்லோரும் வழி தவறுவார்கள். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும் முன் 1.5 வோல்ட் மின்கலத்தைத் தண்ணீரில் தொட்டு, கோடு எந்தப் பக்கம் குதிக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

பெருக்கி: இரு மின்முனைகளுக்கு இடையிலான வேறுபாட்டை மட்டும் பெருக்கும் வேறுபாட்டுப் பெருக்கி வேண்டும். அதன் தாழ் வெட்டெல்லையை, அதாவது எதற்குக் கீழுள்ள அதிர்வெண்களைக் கருவி வடிகட்டிவிடுமோ அந்த எல்லையை, 5 ஹெர்ட்ஸ் அல்லது அதற்குக் கீழே வையுங்கள். புதியவர்கள் அதிகம் விழும் குழி இதுதான். இரைச்சலைக் குறைக்க வெட்டெல்லையை 100 அல்லது 300 ஹெர்ட்ஸுக்கு உயர்த்தினால், ஒற்றைக்கட்டத் துடிப்பின் பின்னால் இல்லாத எதிர்க்கட்டம் ஒன்று முளைக்கும். மலிவான ஒலிப்பதிவுக் கருவிகளின் உள்ளீட்டிலேயே இப்படி வடிகட்டி உண்டு. ஒரு கட்டமா இரு கட்டமா என்பதே இனத்தைப் பிரிக்கும் அடையாளமாக இருக்கும்போது, கருவி செய்த பிழை புதிய இனமாகிவிடும். தெரிந்த சதுர அலையைச் செலுத்திப் பார்த்து, அது சதுரமாகவே வருகிறதா என்று சோதித்த பிறகு மீனை விடுங்கள்.

மாதிரியெடுப்பு வேகம்: நொடிக்கு 48,000 என்று வைத்தால் 1 மில்லிநொடித் துடிப்புக்கு 48 புள்ளி கிடைக்கும். அதுவே குறைந்தபட்ச அளவு. 96,000 அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது. சுருக்கப்படாத வேவ் கோப்பாக, 16 பிட் அல்லது 24 பிட்டில் சேமியுங்கள். எம்பி3 கூடாது, அது அலைவடிவத்தைச் சிதைக்கும்.

இரைச்சல்: பிரேசில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். படகு ஜெனரேட்டரை நிறுத்துங்கள், மடிக்கணினியை மின்கலத்தில் ஓட்டுங்கள், விளக்கைத் தள்ளி வையுங்கள்.

வெப்பநிலை: ஒவ்வொரு பதிவுக்கும் தொட்டி நீரின் வெப்பநிலையை 0.1 டிகிரி துல்லியத்தில் குறியுங்கள். பதிவுகளை 25 டிகிரிக்குத் திருத்திய பிறகே ஒன்றோடொன்று ஒப்பிடலாம். பத்து டிகிரிக்கு 1.5 மடங்கு என்ற காரணியை வைத்தால், 28 டிகிரியில் 400 ஹெர்ட்ஸ் காட்டும் ஐகன்மானியா 25 டிகிரியில் ஏறத்தாழ 354 ஹெர்ட்ஸ். அதே 28 டிகிரியில் 2.0 மில்லிநொடி நீண்ட துடிப்பு, 25 டிகிரியில் ஏறத்தாழ 2.26 மில்லிநொடி. திருத்தாத எண்களை வைத்து இரண்டு ஓடைகளை ஒப்பிட்டால், நீங்கள் ஒப்பிடுவது மீன்களை அல்ல, வெயிலை.

வால்: பதிவுக்கு முன் வாலைப் பாருங்கள். கடிபட்டதா, மீண்டும் வளர்ந்ததா என்று எழுதுங்கள். மின்னுறுப்பு வால் நெடுக ஓடுவதால் வால் இழந்த மீனின் துடிப்பு மாறும். இருகட்டத் துடிப்பில் அது நன்றாகவே தெரியும். முழு வாலுள்ள மீன்களின் பதிவுகளை மட்டும் இன அடையாளமாகக் காட்டுங்கள். பாலையும் முதிர்ச்சியையும்கூட எழுத வேண்டும். இனப்பெருக்கக் காலத்து ஆணின் துடிப்பு பல இனங்களில் பெண்ணுடையதைவிட நீளும்.

6. மாதிரியைப் பாதுகாத்தல்

வரிசை இதுதான்: பதிவு, உயிரோடு நிழற்படம், மயக்கம், திசு, ஃபார்மலின். இதில் எதை மாற்றினாலும் ஒன்று கெடும்.

நிழற்படத்துக்கு ஒடுக்கமான கண்ணாடித் தொட்டி, இடப்பக்கம் தெரியும்படி, அளவுகோலும் எண்ணும் சேர்ந்து. ஃபார்மலினுக்குப் போன மீனின் நிறம் திரும்பக் கிடைக்காது. மயக்கத்துக்கு யூஜெனால் எனில், அது தண்ணீரில் நேராகக் கரையாது. முதலில் எத்தனாலில் கரைத்துக் கலக்குங்கள். அளவு நெறிக்குழு ஒப்புக்கொண்ட அளவே. செவுள்மூடி அசைவு நின்ற பிறகும் குறைந்தது 10 நிமிடம் மருந்துநீரிலேயே விடுங்கள்.

திசுவை வலப்பக்கத் தசையிலிருந்து எடுத்து, 96 விழுக்காட்டுக்குக் குறையாத எத்தனாலில் போடுங்கள். இடப்பக்கத்தைத் தொடாதீர்கள், அளவைகள் எல்லாம் அந்தப் பக்கம்தான். ஃபார்மலின் பட்ட உடலிலிருந்து பிறகு டிஎன்ஏ எடுப்பது மிகக் கடினம். இந்த ஒரு நிமிடத்தைச் சேமிக்கப் பார்க்காதீர்கள்.

ஃபார்மலின்: கடையில் கிடைக்கும் 37 விழுக்காடு கரைசல் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர். அமிலமாகாமல் இருக்க வெண்காரம் சிறிது சேருங்கள். மீனை முதலில் தட்டையான தட்டில் நேராகக் கிடத்தி, துடுப்பை விரித்து, உடல் விறைத்த பிறகே குப்பிக்கு மாற்றுங்கள். தட்டில் கிடத்தாமல் உடனே குப்பியில் போட்டால் வால் சுருண்டு கல்லாகிவிடும், பிறகு நிமிர்த்தினால் ஒடியும். கையளவு மீனுக்கு ஒரு வாரம் போதும். பெரிய மீனுக்கு வயிற்றறையில் ஊசியால் ஏற்ற வேண்டும். பிறகு ஓரிரு நாள் தண்ணீரில் ஊற வைத்து, 70 விழுக்காடு எத்தனாலுக்கு மாற்றலாம். ஃபார்மலின் நுரையீரலையும் கண்ணையும் கெடுக்கும். காற்றோட்டமான இடம், கையுறை, கண்ணாடி கட்டாயம்.

7. அளப்பதும் எண்ணுவதும்

கத்திமீனின் முழு நீளத்தை ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள். வால் கடிபட்டுக் குறைந்திருக்கும், மீண்டும் வளர்ந்திருக்கும். மூஞ்சி நுனியிலிருந்து குதத் துடுப்பின் பின்முனை வரையான நீளத்தையே அடிப்படையாக வைப்பது வழக்கம். மற்ற அளவுகளை அதன் விழுக்காடாகவும், தலையளவுகளைத் தலைநீளத்தின் விழுக்காடாகவும் கொடுங்கள். குதத் துடுப்பின் முனையும் வெட்டுப்பட்டிருந்தால் அந்த மீனை அட்டவணையிலிருந்து நீக்கிவிடுங்கள்.

எண்ணிக்கைகளில் குதத் துடுப்புக் கதிர்கள், மார்புத் துடுப்புக் கதிர்கள், பக்கக் கோட்டுக்கு மேலுள்ள செதில் வரிசைகள், வால்முன் முள்ளெலும்புகள் அவசியம். குதத் துடுப்புக் கதிர் இருநூறைத் தாண்டுவது சாதாரணம். கண்ணால் எண்ணினால் ஒவ்வொரு முறையும் ஒரு எண் வரும். எக்ஸ்ரே எடுத்து இரண்டு முறை எண்ணுங்கள், முடிந்தால் வேறொருவரை எண்ணச் சொல்லுங்கள். முள்ளெலும்பு எண்ணிக்கையில் தலைக்குப் பின்னால் ஒலி கடத்தும் வெபரியன் அமைப்பின் முன்முள்ளெலும்புகள் சேர்ந்தவையா இல்லையா என்று கட்டுரையில் எழுதாவிட்டால் அந்த எண்ணால் யாருக்கும் பயனில்லை. அளவுக்கு 0.1 மில்லிமீட்டர் காட்டும் மின்னணுக் காலிப்பர் போதும்.

ஒப்பீட்டு மாதிரிகள்தாம் கடினம். பிரக்கிஹைப்போபோமஸ் பிரெவிராஸ்ட்ரிஸ் போன்ற பழைய இனங்களின் மூல மாதிரிகள் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. நேரில் போக வசதியில்லையென்றால் காப்பாளருக்கு எழுதி, எக்ஸ்ரேயும் அளவுகோலோடு நிழற்படமும் கேளுங்கள். பெரும்பாலானோர் அனுப்புகிறார்கள். பதில் வரச் சில மாதம் ஆகும் என்பதால் இந்தக் கடிதத்தைக் களத்திலிருந்து திரும்பிய வாரமே எழுதுங்கள்.

டிஎன்ஏ வரிசை துணைச் சான்று. இனம் காண வழக்கமாகப் பார்க்கும் சிஓஐ மரபணுவில் இத்தனை விழுக்காடு வேறுபட்டால் புதிய இனம் என்று விதி எதுவும் இல்லை. உடல், மின்வெளியீடு, டிஎன்ஏ மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் நம்பலாம்.

8. ஹோலோடைப்பைத் தேர்வதும் ஒப்படைப்பதும்

பெயரைத் தாங்கும் ஒரே மாதிரி ஹோலோடைப். எது அழகாக இருக்கிறது என்று பார்க்காதீர்கள். வால் முழுதாக, இடப்பக்கம் சிதையாமல், முதிர்ந்ததாக, அதோடு 4ஆம் படியின் எண்ணால் மின்பதிவும் திசுவும் நிழற்படமும் இணைக்கப்பட்டதாக இருக்க வேண்டும். பின்னால் யாரேனும் இந்த இனத்தை இரண்டாகப் பிரித்தால், பெயர் எந்தப் பாதிக்குப் போகும் என்பதை இந்த ஒரு மீன்தான் முடிவு செய்யும். மின்பதிவு இல்லாத ஹோலோடைப் அப்போது வாய் திறக்காது.

ஹோலோடைப் பிரேசிலிலேயே இருக்கட்டும்: மனௌஸில் இன்பா எனப்படும் தேசிய அமேசான் ஆய்வு நிறுவனம், பெலேமில் கோயெல்டி அருங்காட்சியகம், சாவ் பாவுலோ பல்கலைக்கழக விலங்கியல் அருங்காட்சியகம் ஆகியவற்றில் ஒன்று. விவரணைக்குப் பயன்பட்ட மற்ற மாதிரிகளான பாராடைப்புகளை இரண்டு மூன்று நிறுவனங்களுக்குப் பகிர்ந்து கொடுங்கள். தீயோ வெள்ளமோ வந்தால் எல்லாம் ஓரிடத்தில் அழியக் கூடாது. பதிவு எண் கிடைக்கச் சில வாரம் ஆகும். எண் இல்லாமல் கட்டுரையை அனுப்ப வேண்டாம்.

வெளிநாட்டுக்கு அனுப்பும்போது சட்டத்தில் இரண்டு சொற்கள் உண்டு. மாதிரியின் பொறுப்பே பெறுபவருக்கு மாறினால் அது ‘ரெமெஸ்ஸா’. பொருள் மாற்ற ஒப்பந்தம் வேண்டும். டிஎன்ஏ வரிசை எடுக்கும் சேவைக்காக மட்டும் அனுப்பினால் ‘என்வியோ’. மிச்சத்தைத் திருப்பித் தரவோ அழிக்கவோ ஒப்புக்கொள்ளும் ஆவணம் வேண்டும். தவறான வகையைத் தேர்ந்தால் சுங்கத்தில் நின்றுவிடும். விமானத்தில் எத்தனால் ஆபத்துப் பொருள். விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டாவின் ஏ180 சிறப்பு விதிப்படி உள்குப்பிக்கு 30 மில்லிலிட்டர், வெளிப்பெட்டிக்கு 1 லிட்டர் மிகாமல் கட்டினால் தனித் தடையின்றிப் போகும். உடல்களை எத்தனால் நனைத்த துணியில் சுற்றி, மூன்று அடுக்கு நெகிழியில் மூடுங்கள்.

9. பெயர்

விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பின் நான்காம் பதிப்பைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். இனப்பெயர் பெயரடையாக இருந்தால் பேரினத்தின் பாலோடு ஒத்துப்போக வேண்டும். பிரக்கிஹைப்போபோமஸ், ஜிம்னோட்டஸ் ஆண்பால், ஐகன்மானியா பெண்பால். ஒருவர் பெயரை வைத்தால் ஆணுக்கு ‘-இ’, பெண்ணுக்கு ‘-ஏ’ ஈறு. வால்ட்டரி, பென்னட்டி இரண்டும் மின்மீன் உடலியல் அறிஞர்களான வால்ட்டர் ஹைலிகன்பர்க், மைக்கேல் பென்னட் ஆகியோர் நினைவாக வைத்தவை. ஒரே எழுத்துக்கூட்டலைக் கட்டுரை முழுதும் வையுங்கள். இரண்டு விதமாக அச்சானால் எது சரி என்று பின்னால் இன்னொருவர் முடிவு செய்ய வேண்டிவரும். ஆற்றுப் பெயரையோ பழங்குடிச் சொல்லையோ எடுத்தால், அந்த மொழி பேசுவோரிடம் கேட்டுப் பொருளை உறுதி செய்துகொள்ளுங்கள். மீன் பிடித்துக் கொடுத்த ஊருக்கு நீங்கள் செய்யும் மரியாதை அது.

அச்சாகும் வரை பெயரை வெளியே விடாதீர்கள். ஆய்வேட்டிலும் மாநாட்டுச் சுருக்கத்திலும் ‘பிரக்கிஹைப்போபோமஸ், இனம் அ’ என்றே எழுதுங்கள்.

10. கட்டுரையும் ஜூபேங்க் பதிவும்

பெயர் செல்லுபடியாக விதி கேட்பவை குறைவு. ஆனால் ஒன்று விட்டாலும் பெயர் இல்லை. புதிய இனம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மற்ற இனங்களிலிருந்து பிரித்துக் காட்டும் விவரணை வேண்டும். ஹோலோடைப் எது, எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்று எழுத வேண்டும். மின்னிதழில் மட்டும் வருவதென்றால் வெளியாகும் முன், விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். ஜூபேங்க் பதிவில் இதழின் ஐஎஸ்எஸ்என் எண்ணும் இதழைச் சேமித்து வைக்கும் மின்காப்பகத்தின் பெயரும் நிரப்பப்பட்டிருக்க வேண்டும். இந்த இரண்டு கட்டங்களைக் காலியாக விடுபவர்கள் ஏராளம். இதழ் பார்த்துக்கொள்ளும் என்று விடாமல் நீங்களே திறந்து பாருங்கள்.

வேறுபடுத்தும் பத்தியில், வாசகர் குப்பியில் உள்ள மீனைக் கையில் வைத்துப் பார்க்கக்கூடிய உடல் அடையாளம் ஒன்றாவது இருக்கட்டும். மின்வெளியீட்டை மட்டும் வைத்துப் பிரித்தால், அருங்காட்சியகத்தில் இருப்பவரால் இனத்தைச் சொல்ல முடியாது. மின்பதிவுக் கோப்புகளை ஜெனோடோ போன்ற திறந்த காப்பகத்திலும் டிஎன்ஏ வரிசைகளை ஜென்பேங்கிலும் மாதிரி எண்ணோடு போடுங்கள்.

பாதுகாப்பு நிலை எழுதும்போது அவசரம் வேண்டாம். ஒரே ஓடையில் கிடைத்தது என்பதற்காக அழிவின் விளிம்பில் என்று எழுத முடியாது. தேடியது ஒரே ஓடையாக இருக்கலாம்.

11. செலவும் காலமும்

சிஸ்பியோ, சிஸ்ஜென், ஜூபேங்க், ஜென்பேங்க், ஜெனோடோ எதற்கும் பணமில்லை. ஜூடாக்ஸா இதழில் திறந்த அணுக்கம் கேட்காமல் வெளியிட்டால் ஆசிரியர் கட்டணம் கட்டத் தேவையில்லை. ஜூகீஸ் போன்ற திறந்த இதழ்கள் கட்டணம் கேட்கும். எழுதத் தொடங்கும் முன் சலுகை உண்டா என்று ஆசிரியர் குழுவிடம் கேட்டுவிடுங்கள். பணம் போவது படகு எரிபொருளிலும் படகோட்டி கூலியிலும். அதற்கடுத்து டிஎன்ஏ வரிசை, எக்ஸ்ரே அல்லது மைக்ரோ சிடி, மூல மாதிரி பார்க்கும் பயணம். பெருக்கி பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, இரவல் கேளுங்கள். எரிபொருளில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

காலத்தைப் பொறுத்தவரை அனுமதிக்கு அரை ஆண்டு, ஒன்று அல்லது இரண்டு நீர்ப்பருவம், ஒப்பீட்டுக்கும் எழுத்துக்கும் ஓராண்டு, மதிப்பீட்டுக்கும் திருத்தத்துக்கும் நான்கைந்து மாதம் என்று வையுங்கள். விடாமல் செய்தாலும் இரண்டரை, மூன்று ஆண்டு. மாதிரி கிடைத்த நாளிலிருந்து பெயர் அச்சாகும் வரை உலகளவில் சராசரியாக 21 ஆண்டு ஆகிறது என்று 2012இல் கணக்கிட்டிருக்கிறார்கள். அலமாரியில் காத்திருக்கும் குப்பிகளே அதற்குக் காரணம்.

கட்டுரை வெளியான வாரத்தில் நான்கு வேலை மிச்சமிருக்கும். சிஸ்பியோவுக்கு அறிக்கை, ஜென்பேங்கில் ‘இனம் அ’ என்றிருப்பதைப் புதுப்பெயருக்கு மாற்றுதல், பாராடைப் வைத்திருக்கும் எல்லா நிறுவனங்களுக்கும் சீட்டு மாற்றக் கடிதம், எஷ்மேயர் பட்டியலுக்குக் கட்டுரைப் பிரதி. அதோடு மீன் பிடித்துக் கொடுத்த ஊருக்கும் ஒரு பிரதி, போர்த்துக்கீசியச் சுருக்கத்தோடு.